பொய்ச் சத்தம்

காலை ஆறரைக்கு
டிடெக்டரை முதலில் மண்ணுக்குப் பழக்க வேண்டும்.
தட்டை நிலத்துக்கு நாலு விரல் மேலே பிடித்து
ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி,
இந்த நிலம் தன்பாட்டில் முனகுவது இவ்வளவுதான்
என்று அதற்குப் புரிய வைக்க வேண்டும்.
கரைப்பக்கத்து வெண்மணலில் அரை நிமிஷ வேலை.
இரணைமடுவுக்குக் கிழக்கே இந்தச் செம்மண்ணில்
வெயில் ஏறிவிடும்.

நான் வலது முழங்காலில்தான் ஊன்றுவேன்.
இடது கெண்டைக்காலில் ஒரு துண்டு கிடக்கிறது,
பயறளவு,
கிடக்கட்டும் என்று டொக்டர் விட்ட துண்டு.
தட்டு அந்தப் பக்கம் சரிந்தால்
என்னையே காட்டிக் கொடுக்கும்.

பதினேழாம் பாதை, மூன்றாம் மீற்றர்: சத்தம்.
குச்சி நட்டேன். ஒரு சாண் பின்னுக்கிருந்து
விரல் விரலாய்த் தோண்டினேன்.
பன்னிரண்டு சென்ரிமீற்றர். ஒன்றுமில்லை.
இருபது. ஒன்றுமில்லை.
குழி சிவந்துகொண்டே போனது.
அள்ளிய மண்ணை வாளியில் போட்டுத் தட்டைக் காட்டினேன்.
வாளி கத்தியது.
மரியதாஸ் பதிவேட்டில் எழுதினார்:
பொய்ச் சத்தம்.
அன்றைக்கு அது ஒன்பதாவது.

மண் படிக்கிற அபிராஜினி மத்தியானம் வந்தாள்,
வெள்ளைக் குச்சி அடித்து முடித்த பக்கத்துக்கு மட்டும்.
குழியின் சுவரை நகத்தால் சுரண்டினாள்.
"பொய்யில்லை அக்கா. இது காற்று கொண்டு வந்த மண்.
கடல் பின்வாங்கிக் கிடந்த காலத்தில
கரையில இருந்து பறந்து வந்து குந்தினது.
ஒவ்வொரு மணலுக்கும் துருவில ஒரு சட்டை.
சிவப்பாய்த் தெரியிறது ஹேமடைட், அது சோம்பேறி,
காந்தம் கூப்பிட்டாலும் எழும்பாது.
கத்திறது மாக்ஹெமைட்.
கண்ணுக்கு எட்டாத பொடி.
மழையும் கோடையும் மாறி மாறி அடிச்சால் பிறக்கும்.
நெருப்புப் பட்டால் இன்னும் கூடும்."

நெருப்புப் பட்டால்.

நான் தலையை உயர்த்தியதைக் கண்டு
"காட்டுத்தீயைச் சொன்னன்" என்று
அவசரமாகச் சேர்த்தாள்.

ஒரு சின்ன பிளாஸ்ரிக் பெட்டியைச் சுவரில் அழுத்தினாள்.
உடனே பிடுங்கவில்லை. திசைகாட்டியைப் பார்த்து
அதன் முதுகில் ஓர் அம்பு கீறினாள்: வடக்கு.
"இது கீறாமல் எடுத்தால் வீண்.
படிஞ்ச நாளில எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததெண்டு
உள்ளுக்குள்ள எழுதித்தான் இருக்கும்.
வெளியில எடுத்தாப் பிறகு
அதை எதோட ஒப்பிடுறது?"

எங்களை எடுத்தபோது
யாரும் அம்பு கீறவில்லை.
பஸ்ஸில் ஏற்றினார்கள். இலக்கம் தந்தார்கள்.
முட்கம்பிக்குள் இறக்கினார்கள்.
கடைசியாய் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தேன்?
கடல் இடப்பக்கம் என்று ஒருநாள் தோன்றும்.
மறுநாள் வலப்பக்கம்.
பதுங்குகுழியின் வாசல் மட்டும்
எப்போதும் முன்னால் இருக்கிறது.

திசைகாட்டியை வாங்கிக்
கெண்டைக்காலோடு ஒட்டிப் பிடித்தேன்.
ஊசி அசையவில்லை.
"பித்தளையாய் இருக்கும் அக்கா. இல்லாட்டி அலுமினியம்.
டிடெக்டருக்குக் கேட்கும், ஊசிக்குத் தெரியாது."
இத்தனை வருஷமும்
இரும்பு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
நொண்டும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஏசினேன்.

பின்னேரம் உடுப்பை ஊறப்போட்டுப் பிழிந்தேன்.
தண்ணீர் தெளிய, பேசின் அடியில்
விரற்கனத்துக்குச் சிவப்பு.
டிலக்சன் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக்
கீழால் பிடித்து மெல்ல நகர்த்தினான்.
சிவப்பு கிடந்தபடி கிடந்தது.
அதற்குள்ளிருந்து மெல்லிய கறுப்பொன்று
மயிர்க்கூச்செறிந்து எழும்பி
அவன் கை போன பக்கமெல்லாம் போனது.
கை நின்ற இடத்தில் நின்று
முனைகளை ஒரே திசைக்குத் திருப்பியது.

"அம்மா, இதை ஊத்தட்டோ?"

இருக்கட்டும் என்றேன்.
நாளைக்கு நாலாம் மீற்றர்.